ஹால்ஸ்டோக் துரையும் என் அண்ணனும்

மதியம் மூன்றரை மணி இருக்கும். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் ஆபீஸின் இரண்டாவது மாடி. ஏசி அன்றைக்கும் மக்கர் செய்ததால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். விழுப்புரம் ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. மேஜையில் பேப்பர் கப்பில் டீ. திரையில் நூறு வருஷத்துக்கும் மேல் பழையதான ஓர் இங்கிலாந்துப் பத்திரிகையின் பக்கம், அங்கங்கே மை பரவி, ஓரம் கிழிந்து.

அந்தப் பக்கத்தின் ஐந்தாவது பத்தியில், சோப்பு விளம்பரம் ஒன்றுக்குக் கீழே, பதினோரு வரியில் ஒரு செய்தி இருந்தது. எனக்கு அதில் வேலையே இல்லை. நான் டைப் செய்ய வேண்டியது பக்கத்துப் பத்தியில் இருந்த கிரிக்கெட் ஸ்கோர். ஆனால் அந்தப் பதினோரு வரிக்குள் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெயர் இருந்தது. கண் தானாக அங்கே போய்விட்டது.

படித்தேன். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று எழுத்தைப் பெரிதாக்கி மறுபடியும் படித்தேன். பிறகு எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பக்கத்து சீட்டுக் கலை வந்து கையைத் தொட்டாள்.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லையா?"

ஹால்ஸ்டோக் என்று மட்டும் சொன்னேன்.

"நம்ம தொரையா? அவுட்டாயிட்டாரா?" என்று சிரித்தாள்.

பெயருக்கு முன்னால் எழுத்து

புதுச்சேரியில் எங்களுடையதைப் போன்ற ஆபீஸ்கள் தெருவுக்கு ஒன்று உண்டு. வெளிநாட்டுப் புத்தகங்களையும் ஆராய்ச்சிப் பத்திரிகைகளையும் டைப் செய்து, பிழை பார்த்து, அச்சுக்குத் தயார் செய்து அனுப்புவோம். அந்தப் புத்தகம் கடைசியில் எப்படி இருக்கும் என்று நாங்கள் பார்த்ததே இல்லை. மாட்டு ஈரல் நோய் பற்றி ஒரு வருஷம், கட்டடச் சட்டம் பற்றி ஒரு வருஷம் என்று இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது.

எங்கள் டீம் லீடர் பெர்னாதேத். அவர் வீட்டில் எல்லோரும் பிரெஞ்சு படித்தவர்கள். ஆபீஸில் மற்ற லீடர்களையெல்லாம் மேடம் என்போம், அவரை மட்டும் மதாம். அவர்தான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, கிரிக்கெட், ஃபுட்பால் இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும், உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் சில பெரியவர்கள் சேர்ந்து, அந்தக் காலத்து அமெச்சூர் ஆட்டக்காரர்களின் வரலாற்றை இணையத்தில் தொகுக்கிறார்கள். பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு பக்கம் தயார் செய்ய வேண்டும். பிறப்பு, படித்த பள்ளி, ஆடிய அணிகள், எடுத்த ரன், போட்ட கோல், இறப்பு, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.

முதல் நாளே மதாம் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். ஸ்கோர் பட்டியலில் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' என்றோ தலைப்பெழுத்தோ இருந்தால் அவர் சும்மா ஆடுகிற கனவான். வெறும் பெயர் மட்டும் இருந்தால் கூலிக்கு ஆடுகிறவர். ஒரே அணி, ஒரே மைதானம். வெளியே வரக்கூட இரண்டு பேருக்கும் வேறு வேறு வாசல் இருந்ததாம்.

மிஸ்டர் ஆர். பி. ஹால்ஸ்டோக் முதல் வாசல்காரர்.

மழையில் கோல், வெயிலில் ரன்

ஒரு ஆளின் வாழ்க்கையைப் பத்து மாதம் தினமும் டைப் செய்தால் அவர் நம் வீட்டு மனிதர் மாதிரி ஆகிவிடுகிறார்.

பாதிரியார் ஒருவரின் மூன்றாவது மகன். பள்ளியில் இரண்டு ஆட்டத்துக்கும் கேப்டன். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வருஷமே கால்பந்து அணியில் எடுத்துக்கொண்டார்கள். இடது பக்கம் ஆடுவார். குளிர்காலம் முழுக்கக் கால்பந்து. வெயில் வந்ததும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மட்டையை எடுப்பார். முதலாவதாக இறங்கி மாவட்ட அணிக்கு ஆடுவார். அடுத்த மழைக்குத் திரும்பக் கால்பந்து.

கொட்டுகிற மழையில், பந்து எங்கே, சேறு எங்கே என்று தெரியாத ஓர் ஆட்டத்தில் கடைசி நிமிஷம் அவர் தலையால் முட்டிப் போட்ட கோலைப் பற்றி அந்தப் பத்திரிகை அரைப் பத்தி எழுதியிருந்தது. விரல் உடைந்த கையோடு கடைசி ஆளாக இறங்கி ஒற்றைக் கையால் தடுத்து ஆடித் தோல்வியைத் தவிர்த்திருக்கிறார். ஒரு முறை பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு விக்கெட் கீப்பர் கைக்குப் போனது நடுவருக்குத் தெரியவில்லை, எதிரணியே கேட்கவில்லை. இவர் தானாக மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். 'உண்மையான கனவான்' என்று அந்த ஆட்டத்துக்குத் தலைப்பு.

ஒரு ஈஸ்டர் விடுமுறையில் அணியோடு கப்பலேறிப் போய் பிரான்சில் ஆடினார். அதைச் சொன்னபோது மதாம் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேஜைக்கே வந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் தினமும் இதுதான் பேச்சு. உங்க தொரை இன்னிக்கு எத்தனை அடிச்சாரு என்று கலை ஆரம்பிப்பாள். நான் வேண்டுமென்றே பாதியில் நிறுத்துவேன். மிச்சம் நாளைக்கு. அவர் பூஜ்யத்தில் அவுட்டான நாளில் கலை உண்மையிலேயே சாப்பாடு இறங்காமல் மூடி வைத்தாள்.

எங்கள் வீட்டு ஆட்டக்காரர்

எனக்கு இரண்டு ஆட்டமும் தெரிந்தது ஞானவேல் அண்ணனால். என்னைவிட ஒன்பது வயது பெரியவர்.

எங்கள் அப்பா மில் தொழிலாளி. முத்தியால்பேட்டையில் ஒண்டுக்குடித்தனம். அண்ணன் மழை முடிந்து பொங்கல் வரைக்கும் கால்பந்து ஆடுவார். மாசி வெயில் ஏறியதும் கிரிக்கெட். இரண்டிலும் எங்கள் பேட்டைக்கு அவர்தான் பெரிய கை. அவர் இறங்குகிற ஞாயிற்றுக்கிழமை மில் ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அப்பா கோட்டுக்கு வெளியே நின்று ஒரு வார்த்தை பேசாமல் பார்ப்பார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒவ்வொரு பந்தாகச் சொல்வார்.

இருபத்து மூன்று வயதில் புதுச்சேரி கால்பந்து அணிக்கு அண்ணன் பெயர் வந்தது. வெளியூர் போட்டிக்குப் போக இரண்டு வாரம் இருந்தபோது முட்டி போய்விட்டது என்று படுத்துக்கொண்டார். அதோடு சரி. பிறகு ஒரு நாள்கூட மைதானத்தில் கால் வைக்கவில்லை. மோட்டார் பைக்கும் தொட்டதில்லை; அறுபது வயது தாண்டியும் சைக்கிள்தான். அவருக்குப் பயம் என்று அண்ணி கிண்டல் செய்வார். ஒரு மருந்துக் கடையில் கணக்கெழுதி, இரண்டு பெண்களைப் படிக்க வைத்து, முதல் பெண்ணைக் கட்டிக் கொடுத்தார். இரண்டாவது பெண்ணுக்கு அந்த வருஷம் ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவரிடமும் துரை கதையைச் சொல்வேன். மட்டையில் பட்டது என்று தானே வெளியேறியதைச் சொன்னபோது கையில் எடுத்த கறித்துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். பெரிய மனுசன் என்றார்.

பதினோரு வரி

அந்தச் செய்தி மரண விசாரணை பற்றியது.

பிரபல ஆட்டக்காரர் மிஸ்டர் ஆர். பி. ஹால்ஸ்டோக் வியாழக்கிழமை தன் மோட்டார் காரில் மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போகும் வழியில் ஒரு குழந்தை அடிபட்டு இறந்தது. தோட்டக்காரர் ஒருவரின் மகள், வயது ஏழு. கார் நிற்கவில்லை. ஒரு நாய் என்று நினைத்ததாக மிஸ்டர் ஹால்ஸ்டோக் விசாரணையில் சொன்னார். அவர்மேல் தவறில்லை என்று முடிவானது. ஒளிக்காமல் பேசியதற்காக அவரைப் பாராட்டிய விசாரணை அதிகாரி, சனிக்கிழமை ஆட்டத்தில் அவர் மனம் இதனால் கலங்காது என்று நம்புவதாகவும் சொன்னார்.

குழந்தையின் பெயர் இல்லை.

நான் டைப் செய்ய வேண்டியிருந்த பக்கத்துப் பத்தி அந்தச் சனிக்கிழமை ஆட்டம்தான். மனம் கலங்கவில்லை. சதம் அடித்திருந்தார். அவருடைய சதங்களிலேயே அழகானது அதுதான் என்று எழுதியிருந்தார்கள்.

யாருக்கும் தெரியாத ஒரு உரசலை ஒப்புக்கொண்டு மைதானத்தை விட்டு நடந்த அதே ஆள். மட்டையின் ஓரத்தில் பட்டது தெரிந்தவருக்கு, காரில் பட்டது குழந்தை என்று தெரியவில்லை.

அன்றைக்கே 'குறிப்பு' கட்டத்தில் நடந்ததை நாலு வரி எழுதி, சேர்க்கலாமா என்று மதாம் வழியாக இங்கிலாந்துக்குக் கேட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. மரியாதையான பதில். இந்த விவரம் தங்களுக்கு முன்பே தெரியும் என்றும், ஆட்டத்தோடு சம்பந்தமில்லாததால் விட்டுவிடும்படியும், அந்தக் குடும்பத்தில் இன்று இருப்பவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

முன்பே தெரியும் என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. மதாம் என் முதுகுக்குப் பின்னால் நின்று படித்தார். அந்தக் கட்டத்தை அவரே காலி செய்தார். என்னைத் திட்டவில்லை. அன்றைக்குச் சாப்பிட அவர் வரவில்லை.

கலை கேட்டபோது, துரை ஆட்டத்தை விட்டுவிட்டார் என்று பொய் சொன்னேன்.

அண்ணன் சொன்னது

வீட்டில் பொய் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, என் கணவர் படுக்கப் போனதும், அண்ணனிடம் முழுவதையும் சொன்னேன். வியாழக்கிழமை, நாய், சனிக்கிழமை, சதம். அந்த ஆளை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது, எப்படி அண்ணா அவனால் மட்டையைத் தூக்க முடிந்தது என்று கேட்டேன்.

அண்ணன் தரையைப் பார்த்தார். நெற்றி முழுக்க வியர்த்திருந்தது. நெஞ்சு வலிக்கிறதோ என்று எழுந்தேன். உட்காரு என்று கையைக் காட்டினார்.

"தேவகி, நானும் நிறுத்தல."

புரியவில்லை. எதை என்று கேட்டேன்.

"வண்டிய."

பிறகு அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். புதுச்சேரி அணிக்குப் பெயர் வந்த அந்த வாரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு கால்பந்துப் போட்டியில் ஜெயித்திருக்கிறார்கள். ஒரே கோல், அண்ணன் போட்டது. வில்லியனூரில் இருந்த மாமாவிடம் சேதி சொல்ல, நண்பனின் மோட்டார் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினார். பொழுது சாய்கிற நேரம். மூலக்குளம் தாண்டுகிற இடத்தில், அப்போது இரண்டு பக்கமும் வயல், முன்னால் ஒருவர் சைக்கிளில் பால் கேன்களோடு போய்க்கொண்டிருந்தார். எதிரே லாரி. அண்ணன் இடது பக்கம் ஒடித்தபோது கைப்பிடி சைக்கிளில் மாட்டியது.

அந்த ஆள் சரிவில் போய் விழுந்தார். அண்ணன் கொஞ்ச தூரம் போய் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தார். அவர் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எழுந்துவிட்டார், ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு அண்ணன் வண்டியை முறுக்கினார்.

நாலைந்து நாள் கழித்து டீக்கடைப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி. மூலக்குளம் பால்காரர், சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடி, ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சாவு.

"முட்டி?" என்று கேட்டேன்.

"முட்டில ஒண்ணுமே இல்ல. இனிமே ஆட முடியாதுன்னு தெரிஞ்சுது. காரணம் ஒண்ணு வேணும்ல."

அந்த முட்டிக்காக அப்பா அவரை வாரா வாரம் கட்டு வைத்தியரிடம் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். மூங்கில் பட்டை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் மாவும் பூசி, துணி சுற்றி, நாற்பத்தைந்து நாள் கட்டு. வேளைக்கு ஒரு கரண்டி சூடான எண்ணெயைக் கட்டின்மேல் ஊற்ற வேண்டும். பள்ளிக்கூடம் போகும் முன்னாலும் வந்த பின்னாலும் ஊற்றியது நான். எண்ணெய் சூடு தாங்காமல்தான் அண்ணன் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று ஊதி ஊதி ஊற்றியிருக்கிறேன். ஒன்றுமில்லாத காலுக்கு. பையனின் கால் போய்விட்டதே என்று ஏங்கியே அப்பா இறந்தார்.

அன்றைக்கு அண்ணனை வெளியே போகச் சொன்னேன். செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் போனார்.

மூலக்குளத்தில்

மூன்று வாரம் நான் அவரோடு பேசவில்லை. பிறகு அவரே வந்தார். அந்தப் பால்காரருடைய மகனைத் தனக்குத் தெரியும் என்றார். மூலக்குளத்தில் தண்ணீர் கேன் கடை வைத்திருக்கிறாராம். இத்தனை வருஷமாகத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். போய்ச் சொல்லப் போகிறேன் என்றார்.

ஆவணிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. கல்யாணம் முடியட்டும் அண்ணா என்றேன். பெண்ணின் வாழ்க்கையைப் பார், போனவர் போய்விட்டார், இனி சொல்லி யாருக்கு என்ன லாபம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். இங்கிலாந்திலிருந்து வந்த பதிலையே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

மறு ஞாயிறு காலையில் அண்ணி போன் செய்தார். அண்ணன் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காப்பி குடிக்காமல் சைக்கிளில் கிளம்பிவிட்டாராம். என் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் போனபோது அண்ணன் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். உள்ளே நீலக் கேன்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், தணிகாசலம், ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். என்னை யாரென்று கேட்டார். தங்கச்சி என்றேன். முகத்தை உற்றுப் பார்த்தார்.

அண்ணன் சொல்லி முடித்ததும் நான் எதிர்பார்த்தது அடி. தணிகாசலம் குரலை உயர்த்தவே இல்லை.

"தெரியுங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அண்ணன் ஷட்டர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் அப்பாவுக்கு நினைவு இருந்தது என்றார் தணிகாசலம். போலீஸ் கேட்டபோது பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். மகனிடம் மட்டும், முத்தியால்பேட்டை ஞானவேல், ஃபுட்பால் ஆடுகிற பையன் என்று சொன்னார். போலீஸிடம் ஏன் சொல்லவில்லை என்று தனக்கு இன்றைக்கும் தெரியாது என்றார். மகனுக்கு அப்போது பதினேழு வயது. காரியம் முடிந்ததும் ஒரு உருட்டுக்கட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் மைதானத்துக்குப் போயிருக்கிறார். அண்ணன் வரவில்லை. கடைசியில் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கதவு தொறந்துதான் இருந்துச்சு. நீங்க கால நீட்டி ஒக்காந்துகினு இருந்தீங்க. தொடைலேர்ந்து கட்டு. ஒரு பொண்ணு எண்ண ஊத்திக்கினு இருந்துச்சு." என்னைப் பார்த்தார். "இவங்கதான். கால் ஒடஞ்சிடுச்சு, இனிமே இவன் ஆடவே மாட்டான்னு எதுர்வூட்டுல சொன்னாங்க. சாமி பாத்துக்குச்சுன்னு திரும்பி வந்துட்டேன். கட்டைய வாய்க்கால்ல போட்டுட்டேன். அதுக்கப்பறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

அந்தக் கட்டு மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கும். இவர் ஜெயிலுக்குப் போயிருப்பார். கதவுக்கு வெளியே கட்டையோடு ஒருவர் நின்றது தெரியாமல் நான் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"கால் இப்ப எப்டி இருக்கு?" என்று கேட்டார் தணிகாசலம். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டார்.

சொல்லாதே அண்ணா என்று மனசுக்குள் கத்தினேன். இவ்வளவு வருஷம் அந்த மனிதர் தூங்கியது அந்தக் கால்கட்டு உண்மை என்று நம்பித்தான். அதையும் பிடுங்கிவிடாதே.

"கால்ல ஒண்ணும் இல்லீங்க," என்றார் அண்ணன். "அன்னிக்கும் ஒண்ணும் இல்ல. பொய்க்கட்டு."

தணிகாசலம் அண்ணனின் காலைப் பார்த்தார். தெருவில் யாரோ கேனுக்கு வந்தவர் காத்திருந்துவிட்டுப் போனார்.

"நடங்க," என்றார்.

அண்ணன் தெருவில் இறங்கினார். எதிரே இருந்த டிரான்ஸ்ஃபார்மர்வரை நடந்து, திரும்பி வந்தார். நல்ல வெயில். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. கொஞ்சம்கூட நொண்டாமல், நேராக, ஆட்டக்காரர் நடப்பது போலவே நடந்தார். அப்படி ஒரு நடை அவருக்கு இருந்ததையே நான் மறந்திருந்தேன்.

"நல்லாத்தான் நடக்குறீங்க," என்றார் தணிகாசலம். உள்ளே போய் ஷட்டரை இழுத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும்

மறுநாள் அண்ணன் காவல் நிலையத்துக்குப் போனார். நானும் போனேன். இவ்வளவு பழைய விஷயத்துக்குக் காகிதமே இருக்காது என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அண்ணன் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இன்றுவரை கூப்பிடவில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவிடமும் அவரே போய்ச் சொன்னார். இரண்டு நாள் டைம் கேட்டார்கள். அந்த இரண்டு நாளும் அண்ணி அடுப்பு மூட்டவில்லை. கல்யாணம் நடந்தது. சம்பந்தி இப்போதும் அண்ணனோடு பேசுவதில்லை. எது என்றாலும் அண்ணியிடம்தான்.

ஹால்ஸ்டோக்கின் பக்கம் இணையத்தில் வந்துவிட்டது. பார்க்க நன்றாக இருக்கிறது என்று கலை சொன்னாள். அந்தக் குழந்தை இறந்த பிறகும் அவர் எட்டு வருஷம் ஆடினார். எல்லா ஆட்டத்தையும் நான்தான் டைப் செய்து முடித்தேன். முடித்த அன்றைக்கு வேறு வேலை கொடுங்கள் என்று மதாமிடம் கேட்டேன். இப்போது ரசாயனப் பாடப்புத்தகம்.

வாரப் பத்திரிகையில் நான் எழுதும் பகுதியில் இதை எழுத வேண்டும் என்று தோன்றியதும் அண்ணனைக் கேட்டேன். பேரோடு எழுது என்றார். தணிகாசலத்தைக் கேட்காமல் எழுதக்கூடாது அல்லவா? கடைக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. கேன் மேல் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

எழுதிக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் தன் அப்பாவை வெறும் பால்காரர் என்று எழுதக்கூடாது. பெயர் ஏழுமலை.

"இன்னொண்ணும் எழுதுங்க. அன்னிக்குச் சாயங்காலம் அவரு பால் ஊத்த லேட்டு. ஏன்னா கிரவுண்டு பக்கத்துல சைக்கிள நிறுத்திட்டு மேட்ச் பாத்துக்கினு இருந்தாரு. ஆஸ்பத்திரில மொத நாளு என்கிட்ட மோதுனவன் யாருன்னு சொல்லல. அந்த கோலு எப்டி விழுந்துச்சுன்னுதான் சொன்னாரு. ரெண்டு பேர ஏமாத்திட்டு, எடது கால்ல. அத அவ்ளோ சந்தோசமா சொன்னாரு."

வைத்துவிட்டார்.

இதைச் சொல்ல அண்ணன் வீட்டுக்கு மூன்று முறை போனேன். ஒரு முறை அவர் பேத்திக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு முறை தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை என்னைப் பார்த்து, இன்னா தேவகி, எதாவது சொல்லணுமா என்று அவரே கேட்டார். இல்லை என்று வந்துவிட்டேன்.

நான் எழுதுவதை அவர் ஒரு வாரம்கூட விட்டதில்லை. வியாழக்கிழமை கடைக்குப் போய்ப் பத்திரிகையைத் தானே வாங்கிக்கொள்வார். இந்த வாரம் அவருக்கு முன்னால் நான் வாங்கிவிடுவேன். கையில் கொடுத்து, அவர் இந்த வரிக்கு வந்து சேரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.